சுவான்சௌ: வணிகர்கள் விட்டுச் செல்லாத ருசி

பழைய துறைமுக நகரம் என்றாலே நாலு திசைக் கப்பலும் வந்து போன ஊர், அதனால் அதன் சட்டியில் நாலு தேசத்து ருசியும் கலந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது பயணிகளின் வழக்கம். சீனாவின் தென்கிழக்கில், ஃபூஜியான் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுவான்சௌ இந்த எண்ணத்துக்கு நன்றாகவே தீனி போடுகிறது. சோங் அரசு இங்கே கடல் வணிகத்தைக் கவனிக்கத் தனி அலுவலகம் திறந்தது 1087-இல். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் இந்த ஊரில் வந்து தங்கினார்கள். அரபிகள் இதை சைத்தூன் என்று அழைத்தார்கள். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் இதன் துறைமுகத்தைக் கண்டு வாய் பிளந்திருக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரைச் சேர்ந்த 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு பழைய நகரின் மேற்குத் தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பயண விளம்பரங்களில் எல்லாம் ஒரே பாட்டு: இது கடல்வழிப் பட்டுப்பாதையின் ருசி. தெருவில் விற்கும் பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்போது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தொடங்கினால் இந்தப் பாட்டில் சுருதி சேரவில்லை. துறைமுகம் செழித்த காலத்தின் மிச்சம் இந்தச் சாப்பாட்டில் மிகக் குறைவு. துறைமுகம் படுத்த பிறகு இந்தக் கரைச் சனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் இங்கே வாணலியில் கிடக்கிறது. என் கட்சி இதுதான்.

தமிழருக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஓர் ஆசை இருப்பது இயல்பு. 1281-ஆம் ஆண்டு, சித்திரை மாதத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய ஆட்சியாளரான செகசை கானின் உடல்நலம் வேண்டி இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்நகரில் கிடைத்திருக்கிறது. அதன் அடியில் ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. மேற்குத் தெருவிலேயே இருக்கும் கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துப் பின்புறம் போனால், இடிந்த சிவன் கோயிலிலிருந்து எடுத்துவந்து நட்ட இரண்டு தூண்களில் நம் ஊர்ச் சிற்ப வேலையைப் பார்க்கலாம். மண்டபத்தின் அடிமேடையைச் சுற்றிலும் சிங்கங்கள் செதுக்கிய பலகைக் கற்கள் 70-க்கு மேல். இதையெல்லாம் பார்த்துவிட்டு வாசலுக்கு வருகிறவருக்குப் பசிக்கும். கல்லில் இவ்வளவு விட்டுப்போனவர்கள் கல்சட்டியிலும் ஏதாவது விட்டுப்போயிருக்க மாட்டார்களா என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்வி. ஆனால் பதிலைக் கடைத்தெருவில்தான் தேட வேண்டும், கல்வெட்டில் தேடக் கூடாது.

காலை நேரத்துச் சுவான்சௌவின் சாப்பாடு மியென்சியென்ஹூ. மயிரிழை போல் மெல்லிய கோதுமைச் சேமியாவை, உப்புச் சேர்த்துப் பிசைந்து கையால் இழுத்து வெயிலில் உலர்த்தியதை, நொறுக்கிக் கொதிக்கும் சாற்றில் போடுகிறார்கள். சாறு பெரும்பாலும் சிறு மீனும் இறாலும் எலும்பும் போட்டுக் காய்ச்சியது. சேமியா கரையும் கரையாததுமாக இருக்கும்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவைக் கரைத்து ஊற்ற, கஞ்சி பதத்துக்குக் கெட்டியாகிறது. அதன் பிறகுதான் வேடிக்கை. கடை முகப்பில் தட்டுத்தட்டாகப் பன்றிக்குடல், வாத்து ரத்தக் கட்டி, ஈரல், சிப்பி, வினிகரில் ஊறவைத்துப் பொரித்த பன்றிக்கறி என்று பரப்பி வைத்திருக்கும். வாடிக்கையாளர் விரலால் காட்டக் காட்ட, கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக் கிண்ணத்துக்கு மேலேயே நறுக் நறுக்கென்று வெட்டிப் போடுகிறார். கடைசியில் வறுத்த சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், சில கடைகளில் ஒரு துளி அரிசிச் சாராயம். கூடவே தொட்டுக்கொள்ள நீளமாகப் பொரித்த மாவுத் தண்டு. இதில் விலை உயர்ந்த சரக்கு என்று ஒன்றுமில்லை. பெரிய கண்டத்தை விற்றுத் தீர்த்தபின் கசாப்புக் கடையில் மிஞ்சுவதும், வலையில் மிஞ்சுகிற பொடிமீனும், கஞ்சியை வயிற்றில் நிற்கவைக்கும் மாவும்தான் இதன் அடிப்படை. நேர்த்தி முழுக்கப் பக்குவத்தில் இருக்கிறது: சேமியா இழை நாக்கில் தெரிய வேண்டும், பல்லில் தெரியக் கூடாது.

அந்தக் கிழங்கு மாவைப் பிடித்துக்கொண்டு போனால் தெரு முழுக்க நடக்கலாம். சிப்பி அடை எல்லா இடத்திலும் உண்டு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத சிப்பிச் சதையையும் நறுக்கிய பூண்டுத்தாளையும் கிழங்கு மாவுக் கரைசலில் கலந்து, தட்டையான இரும்புக் கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டு ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு போல் வெள்ளையாக இருந்த மாவு ஓரத்திலிருந்து மெல்லக் கண்ணாடியாக மாறுகிறது. உள்ளே சிப்பி சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கும்போது மேலே முட்டையை உடைத்து ஊற்றித் திருப்புகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடு வழுவழுப்பு. இதே அடை இந்தக் கரையிலிருந்து புலம்பெயர்ந்த ஹொக்கியன் மக்களோடு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயிருப்பதால் அங்குள்ள தமிழர்கள் பலருக்கு இது புதிதல்ல. மாட்டிறைச்சிச் சாறு என்ற பண்டத்தில் மெல்லிய இறைச்சிக் கீற்றுகளைக் கிழங்கு மாவில் பிசைந்து கொதிநீரில் விடுகிறார்கள். மாவு இறைச்சியைச் சுற்றி வழுக்கும் உறையாகிறது, சாறும் கெட்டியாகிறது, மேலே இஞ்சிச் சீவல். வினிகர்க் கறியின் மேலுறையும் இதே மாவு. அரிசி மாவையும் கோதுமை மாவையும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் பண்டமே வேறாகிவிடும். இந்த ஊர்த் தெருச் சமையலின் முதுகெலும்பு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. சைத்தூனில் தமிழ் வணிகரும் அரபு வணிகரும் இருந்த காலத்தில் அது ஆசியாவிலேயே கிடையாது. ஸ்பானியர் கையால் பிலிப்பைன்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஃபூஜியானுக்கு வந்தது. பலரும் ஏற்கும் வரலாறு, சாங்லே ஊர் வணிகர் சென் ஜென்லோங் லூசோன் தீவிலிருந்து 1593-இல் கொடியைக் கொண்டுவந்தார் என்பது. ஸ்பானியர் வெளியே விடாத அந்தக் கொடியைக் கயிற்றோடு முறுக்கி மறைத்து வந்தார் என்றும் சொல்வார்கள். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். அடுத்த ஆண்டு பஞ்சத்தின்போது மாகாண ஆளுநர் ஜின் சுவேசெங் அதைப் பயிரிட ஆதரவு கொடுத்தார். ஃபூசௌவில் இவர்கள் நினைவுக்கு ஒரு மண்டபமே இருக்கிறது. இனி இந்த ஆண்டைத் துறைமுகத்தின் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1357 முதல் 1366 வரை நடந்த கலகத்தில் சுவான்சௌவின் வெளிநாட்டுச் சமூகம் சிதறியது. மிங் அரசர்கள் தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் வணிக அலுவலகமே ஃபூசௌவுக்குப் போய்விட்டது. 1567-இல் தடை தளர்ந்தபோது திறக்கப்பட்டது பக்கத்து மாவட்டத்து யுவேகாங் துறை, சுவான்சௌ அல்ல. அதாவது, இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தாங்கும் கிழங்கு கரை இறங்குவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே சைத்தூனின் கதை முடிந்திருந்தது.

கிழங்கு ஏன் இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டது என்பதற்கும் விடை நிலத்தில் இருக்கிறது. தென்ஃபூஜியான் மலையும் மணலும் சேர்ந்த கரை; நெல் விளையும் சமவெளி கொஞ்சம், வாய்கள் அதிகம். மணல்மேட்டிலும் சரிவிலும் வளர்ந்து, ஏழை வீட்டில் 20-ஆம் நூற்றாண்டு வரை அரிசிக்குப் பதிலாக அடுப்பேறியது இந்தக் கிழங்குதான். சீவி உலர்த்தியது கஞ்சிக்கு, அரைத்துப் படியவைத்த மாவு மற்றெல்லாவற்றுக்கும். நிலக்கடலையும் இதே கதை. வடதமிழ்நாட்டில் மணிலாக்கொட்டை என்று சொல்லும் அதே கடலை, தென் அமெரிக்காவில் பிறந்தது, மிங் காலத்தில் இந்த மணற்கரைக்கு வந்து இனிப்புக் கடைகளை ஆளுகிறது: பாலாக வெந்த கடலைச் சாறு, பொடித்த கடலை மிட்டாய், சிங்மிங் நாளில் முன்னோருக்குப் படைத்துச் சாப்பிடும் மெல்லிய சுருள் ரொட்டிக்குள்ளே காய்கறி, சிப்பியோடு தூவும் கடலைச் சர்க்கரை. குளிர்காலத்தில் மண்சட்டிகளை வரிசையாக அடுக்கி, முற்றிய இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கும் இஞ்சி வாத்துக்குப் பேர்போனது சிவந்த முகமுள்ள மணிலா வாத்து. அதுவும் அமெரிக்கப் பறவைதான். மூன்றையும் எடுத்துவிட்டால் மேற்குத் தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்கும்.

ஊரார் தாங்களே சொல்லும் கதைகளைக் கேட்டாலும் இதே செய்திதான் கிடைக்கிறது. சுவான்சௌவைச் சேர்ந்த நான்ஆன் ஊர்க்காரரான செங் செங்கோங், 1661-இல் தைவானில் டச்சுக்காரர்களை முற்றுகையிட்டபோது படைக்கு அரிசி இல்லாமல் போக, கிழங்கு மாவில் சிப்பியைப் போட்டுச் சுட்டார்கள், அதுவே சிப்பி அடை என்பது ஒரு கதை. தூசுன்தோங் என்ற குளிர்ப் பண்டத்துக்கும் அவர் பெயரில் ஒரு கதை உண்டு: உணவு தட்டுப்பட்டு, சேற்றில் கிடைத்த புழுவைக் காய்ச்சிக் குடித்தார்கள், ஆறிப்போன சாறு உறைந்திருந்தது, அவர் அதை அப்படியே எடுத்துச் சாப்பிட்டார். இவை நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. நான் இவற்றை வரலாறாக எடுக்கவில்லை. எனக்கு முக்கியம், ஊரின் நினைவு எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது. அரபு வணிகர் வீட்டு விருந்திலிருந்து வந்தது என்று பெருமைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரிசி இல்லாத படையின் கதையைச் சொல்கிறார்கள். செங் செங்கோங்கைப் பட்டினி போடுவதற்காகச் சிங் அரசு அதே 1661-இல் கரையோர மக்களை வீடு வாசலோடு உள்நாட்டுக்குத் துரத்தியது. 1680-களில்தான் திரும்ப விட்டது. அந்தத் தலைமுறையின் பசி கதைகளில் தங்கியிருப்பதில் வியப்பில்லை.

தூசுன்தோங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பயணிகள் முகம் சுளிப்பதும் படம் எடுப்பதும் இதற்காகத்தான். ஜின்ஜியாங் பக்கத்து ஆன்ஹாய் என்ற ஊர் தன்னைத்தான் இதன் தாயகம் என்கிறது. ஏற்றவற்றச் சேற்றில் வாழும் விரல்நீளப் புழு. சேற்றைக் கக்குவதற்காக நீரில் போட்டுவைத்து, பிறகு கல்லால் உருட்டி நசுக்கிக் குடலையும் மண்ணையும் பிதுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி வேகவைக்கிறார்கள். தோலிலுள்ள பசை நீரில் இறங்கிவிடும். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஆறவிட்டால், எதையும் சேர்க்காமலே உறைந்துபோகிறது. குளிர்பெட்டி வருவதற்கு முன் இது குளிர்காலப் பண்டம் மட்டுமே. கிண்ணத்தைக் கவிழ்த்தால் கண்ணாடி போன்ற கட்டிக்குள் சாம்பல் நிறப் புழுக்கள். மேலே வினிகர், பூண்டு விழுது, கொத்தமல்லி, கடுகுக் காரம். புழுவுக்குத் தனி ருசி சொல்லும்படி இல்லை, லேசான கடல்வாடையும் நறுக்கென்ற கடிபதமும்தான். ருசி முழுக்க மேலே ஊற்றுவதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்தப் பூண்டும் வினிகரும் மட்டுமே. மற்றதைச் சேறே கொடுத்துவிடுகிறது. நம்மவர் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி போல, இங்கே பாறைப்பாசியைக் காய்ச்சி உறையவைத்துச் சீவித் தேன் ஊற்றித் தருவதும் இதே சிக்கனத்தின் இனிப்புப் பக்கம்.

என் கட்சிக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது மிளகு. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் சைத்தூனுக்கு நூறு வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 1974-இல் சுவான்சௌ விரிகுடாவின் ஹௌஜூ துறையில் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலில் மிளகும் கிடைத்தது. மியென்சியென்ஹூவில் தூவுவது அதே மிளகில்லையா? பொருள் அதேதான், ஆனால் சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்தக் கப்பலின் சரக்கில் பெரும்பகுதி வாசனைக் கட்டை, மிளகு கொஞ்சம். சுவான்சௌ இறக்கிய வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி கோயில் தூபத்துக்கும் மருந்துக்கும் தலைநகரின் பெரிய வீடுகளுக்கும் போனது. இந்த ஊர் அதற்கு வாசற்படி. ஏலம், பட்டை, மஞ்சள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கடந்துபோன ஊரின் தெருச் சமையலில் இன்று மிளகும் இஞ்சியும் பூண்டும் வெங்காயமும் தவிர வாசனைப் பொருள் அதிகம் புழங்குவதில்லை. சுமை தூக்கியவன் மூட்டையை முகர்ந்திருப்பான், வாங்கியிருக்க மாட்டான்.

இரண்டாவது, மாட்டிறைச்சி. பன்றிக்கறி ஆளும் நாட்டில் சுவான்சௌ தெருக்களில் மாட்டிறைச்சிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது முஸ்லிம் வணிகர்களின் கொடை என்று பலர் சொல்கிறார்கள். 1009-இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசலின் கல்வாயில் இன்னும் நிற்கும் ஊரில் இந்த வாதம் கவர்ச்சியானது, முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். ஜின்ஜியாங்கின் செந்தாய் பகுதியில் தீங் என்ற குலத்தார் தங்கள் முஸ்லிம் மூதாதையரை நினைவில் வைத்திருக்கிறார்கள், ஹுய் சிறுபான்மையினராகவும் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பன்றிக்கறி சாப்பிடுகிறார்கள். முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும் அதை வைப்பதில்லை. சாப்பாடு அக்கம்பக்கத்தாரோடு கலந்துவிட்டது, விலக்கு மட்டும் படையலில் நின்றுபோனது. சொந்த வாரிசுகளின் அடுப்படியிலேயே தங்காத பழக்கம், ஊரார் அடுப்படியில் எழுநூறு ஆண்டுகள் தங்கியது என்பதை நம்ப எனக்கு இன்னும் வலுவான சான்று வேண்டும். சிவனின் கதியும் இதுவே. தூண்கள் பௌத்தக் கோயிலுக்குப் போயின. நகருக்கு வெளியே ஓர் ஊரில், நாலு கையோடும் காலடியில் அசுரனோடும் இருக்கும் நம் நாட்டு அம்மன் சிலையைப் பௌத்தத் தெய்வமான குவான்யின் என்று வணங்குகிறார்கள். கல்லை மறுபடி பயன்படுத்தலாம். கைமணத்தை, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால்தான் கைமாற்ற முடியும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. கடல் வழி வந்த சம்பா நாட்டு நெல்லை ஃபூஜியானிலிருந்து எடுத்து 1012-இல் சோங் பேரரசர் வடக்கு மாவட்டங்களுக்கு அனுப்பினார். சீனாவின் வயிற்றையே மாற்றிய நெல் அது. மேற்கிலிருந்து வந்தவர்கள் ஃபூஜியான் ஊர் ஒன்றில் சாம்பலிட்டுச் சர்க்கரையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் பயிரும் தொழிலும். வியாபாரியின் விருந்துச் சமையல் அல்ல. உழவனும் ஆலைக்காரனும் எடுத்துக்கொண்டது நிலைத்தது என்பதற்கு இவை இன்னும் இரண்டு சாட்சிகள். என் கட்சியை இவை கொஞ்சம் திருத்துகின்றன, ஆனால் கவிழ்க்கவில்லை.

தமிழர் தேடும் கறிவாசனை சுவான்சௌவில் இருக்கத்தான் செய்கிறது, வேறு கதவு வழியாக. இங்கே மாட்டு விலா எலும்பை மென்மையாக வேகவைத்துத் தரும் கடைகள் உண்டு. குழம்பில் கறித்தூள் மணக்கும். பக்கத்து சியாமெனில் கடலையும் இறாலும் மிளகாயும் அரைத்த குழம்பில் வரும் சாச்சா நூடுல்ஸ், மலாய் உலகத்துச் சாத்தேயின் உறவு. இவற்றைக் கொண்டுவந்தவர்கள் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் மலாயா, சிங்கப்பூர், ஜாவா, பிலிப்பைன்ஸ் போய்த் திரும்பிய ஹொக்கியன்காரர்கள்: கூலிகள், சில்லறைக் கடைக்காரர்கள், சிலர் பணக்காரர்களாகவும் ஆனவர்கள். மலாயாவில் அவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்து கறித்தூளைத் தெருவுக்குப் பழக்கியவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். ஆகவே சுவான்சௌ விலாக்கறியில் நம் வாசனை இருந்தால் அதற்குச் சம்பந்தப் பெருமாளுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கூலியாகப் போன தமிழனுக்கும், அவன் பக்கத்தில் நின்று சாப்பிட்ட ஹொக்கியன் கூலிக்கும்தான் சொல்ல வேண்டும். கோயில் கட்டும் வசதி இருந்தவர்கள் கல்லைக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் ஒரே பசியோடு நின்றவர்கள் குழம்பைக் கொடுத்தார்கள்.

சோங் காலத்திலிருந்து நேராகத் தட்டுக்கு வருவது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் சிப்பியைத்தான் காட்டுவேன். 1053 முதல் 1059 வரை லுவோயாங் ஆற்று முகத்தில் கல்பாலம் கட்டியபோது, ஏற்றவற்றத்தில் அடிக்கற்கள் பெயராமலிருக்க அவற்றின்மேல் சிப்பியை வளர்த்தார்கள். ஓடுகள் கல்லோடு கல்லை ஒட்டிவிட்டன. சாய் சியாங் ஆளுநராக இருந்த காலத்து வேலை. கரையோரச் சூன்பூ கிராமத்தில் சிப்பி ஓட்டைச் சுவரில் பதித்துக் கட்டிய பழைய வீடுகள் நிற்கின்றன. அங்குள்ள பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சூடுவது இப்போது நாடெங்கும் பிரபலமாகி, வெளியூர்ப் பெண்கள் காசு கொடுத்துத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே சிப்பி உடைக்கும் கிழவிகள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குறுங்கத்தியால் ஓட்டை நெம்பிச் சதையைக் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மேற்குத் தெருக் கடைகள் எல்லாப் பண்டத்தையும் பயணியின் அளவுக்குச் சின்னதாகவும் இனிப்புக் கூட்டியும் விற்கப் பழகிவிட்டன. பழைய நகரின் உட்சந்துகளில் காலையில் மட்டும் திறக்கும் கஞ்சிக்கடைகளில் அந்தக் கெடுதல் இன்னும் ஏறவில்லை. யுனெஸ்கோ பட்டியலைப் பார்க்கப் போகிறவர் எந்த மாதமும் போகலாம். சாப்பிடப் போகிறவர் மார்கழி, தையில் போவது உத்தமம். சிப்பி அப்போதுதான் கொழுத்திருக்கும், இஞ்சி வாத்தின் மண்சட்டிகளும் அப்போதுதான் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்.